செல்ஃப் எடுக்கிறது, வண்டி பிடிக்கவில்லை

“செல்ஃப் எடுக்குது அண்ணா, ஆனா வண்டி பிடிக்க மாட்டேங்குது.”

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் காலை அந்த அம்மா போனில் இப்படிச் சொன்னதும், பழைய பட்டறையில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு. 1968இல், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அன்று முதல் ஓய்வு பெறும்வரை அதிகம் கேட்ட புகார் இதுதான். லாரிக்காரர் சொல்வார், டாக்டர் சொல்வார், டாக்ஸிக்காரர் சொல்வார். எல்லோருக்கும் ஒரே வாக்கியம்.

அந்த அம்மா சொன்னது அவர் கணவருடைய எம்.ஜி. காரைப் பற்றி. கணவர் என் நண்பர். நண்பர் என்றாலும் முப்பது வருஷமாக அவருக்கு நான் சார், எனக்கு அவர் சார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் அவருடைய அப்பா வாங்கியது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து 1958இல் வாங்கினாராம். 1951ஆம் வருஷத்து எம்.ஜி. டி.டி. இரண்டே பேர் உட்காரலாம். கூரை என்று பெயருக்கு ஒரு கித்தான். நீண்ட மூக்கு, தனித்தனியாக நிற்கும் இரண்டு ஹெட்லைட், பின்னால் வெளியே தெரியும்படி பெட்ரோல் டாங்கு, அதன் முதுகில் ஸ்டெப்னி. ஒரு காலத்தில் சிவப்பு. கடைசியில் நான் பார்த்தபோது காய்ந்த மிளகாய் நிறம்.

2020 பொங்கலுக்கு முன்னால் சார் முதல் தடவை கூப்பிட்டார். “செல்ஃப் எடுக்குது சார், பிடிக்கலை. ஒரு நடை வந்து பாருங்களேன்.” பொங்கல் முடியட்டும் என்றேன். பிறகு கொரோனா வந்தது. அது ஓய்ந்ததும் எனக்கு முழங்கால் வலி. மூன்றாவது தடவை ஒரு கல்யாண வரவேற்பில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். “ஓட்டணும்னு ஆசை இல்ல சார். ஒரு தடவை சத்தம் கேட்டா போதும்.” நிச்சயம் வருகிறேன் என்று பாயசத்தைக் குடித்துக்கொண்டே சொன்னேன். 2022இல் அவர் காலமாகிவிட்டார். நான் போகவே இல்லை.

அந்த வீட்டுக்குப் போன கதையைச் சொல்லுமுன் கொஞ்சம் பழங்கதை பேச வேண்டும். ஏனென்றால் இந்தப் புகார் மோட்டார் காரின் வயதுதான் இருக்கும்.

கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1886இல். வாங்கி என்ன பயன்? ஜனங்கள் நம்பவில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா ஒரு காரியம் செய்தார். கணவரிடம் சொல்லாமல், விடலைப் பையன்களான இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு வண்டியை ஓட்டிச் சென்றார். 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். உலகத்தின் முதல் நெடும் கார்ப் பயணம் அதுதான் என்பார்கள். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில்தான் வாங்கினார். அழுக்கு நீக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவம் அது. அந்த மருந்துக்கடையைத்தான் உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று சொல்கிறார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறு இரண்டு சங்கதிகள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியை உருவிக் குத்தி அடைப்பெடுத்தார். பற்றவைக்கும் மின்வயரின் உறை தேய்ந்து போயிருந்தது. காலுறையைப் பிடித்து நிறுத்தும் எலாஸ்டிக் பட்டியைக் கழற்றி அதன்மேல் சுற்றினார். ஒன்று பெட்ரோல் கோளாறு, இன்னொன்று கரண்ட் கோளாறு. பெட்ரோல் வண்டி சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த இரண்டில் ஒன்றுதான். அந்த அம்மாள் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டார்.

பெட்ரோல் ஒரு மாதிரி சீக்கிரம் வழிக்கு வந்துவிட்டது. படாத பாடு படுத்தியது தீப்பொறிதான். பென்ஸின் வண்டியில் பேட்டரியும் காயிலும் இருந்தன. ஆனால் வழியில் பேட்டரி தீர்ந்தால் தீர்ந்ததுதான், அதை நிரப்ப வண்டியில் வசதி கிடையாது. அதே காலத்தில் டைம்லர் வேறு வழியில் போனார். எஞ்சின் தலையில் ஒரு சிறு குழாயைச் செருகி, வெளியே விளக்கு வைத்து அதைச் சிவக்கக் காய்ச்சினார். உள்ளே அழுத்தப்பட்ட வாயு அந்தச் சிவந்த குழாயில் பட்டுப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வண்டியில் எரியும் விளக்கு! எத்தனை வண்டி எரிந்து போயிருக்குமோ.

பிறகு மேக்னெட்டோ. 1902இல் ராபர்ட் போஷின் தொழிற்சாலையில் ஹொனோல்ட் என்ற பொறியாளர் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். பேட்டரியே வேண்டாம். எஞ்சின் சுற்றினால் காந்தம் கரண்டைத் தரும். ஆனால் இதில் ஒரு வம்பு உண்டு. வேகமாகச் சுற்றினால்தான் பொறி பலமாக இருக்கும். காலையில், குளிரில், கைப்பிடியை மெதுவாகச் சுற்றுகிறவனுக்குத்தான் பலமான பொறி வேண்டும். அவனுக்குக் கிடைப்பதோ சோனிப் பொறி. பொறி முந்திக்கொண்டு விழுந்தாலோ கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைக்கும். மணிக்கட்டு ஒடிந்தவர்கள் ஏராளம்.

இங்கேதான் நம் பட்டறைப் பாஷை வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டரை நாங்கள் டெல்கோ என்போம். “டெல்கோ மூடியைக் கழட்டுடா” என்பார் மேஸ்திரி. அம்பாஸடர் ஆனாலும் டெல்கோ, ஃபியட் ஆனாலும் டெல்கோ, பிற்பாடு மாருதி வந்தபோதும் டெல்கோ. அது ஒரு கம்பெனியின் பெயர் என்பது எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊர். அங்கே சார்லஸ் கெட்டரிங் என்பவர் கடைகளில் பணம் வாங்கிப் போடும் கேஷ் ரெஜிஸ்டர் செய்யும் கம்பெனியில் பொறியாளராக இருந்தார். 1909இல் எட்வர்ட் டீட்ஸ் என்ற கூட்டாளியுடன் சேர்ந்து டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கினார். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் டெல்கோ. வேலை நடந்தது டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில்.

கெட்டரிங் செய்தது இரண்டு காரியம். ஒன்று, 1910 மாடல் காடிலாக் காரில் வந்த பேட்டரி இக்னிஷன். இரண்டு, 1912 மாடலில் வந்த செல்ஃப் ஸ்டார்ட்டர். கேஷ் ரெஜிஸ்டரின் டிராயரைத் திறக்க அவர் ஒரு சிறிய மின் மோட்டார் செய்திருந்தார். ஒரு கணம் மட்டும் வேலை செய்யும் மோட்டாரை அதன் சக்திக்கு மேலேயே வேலை வாங்கலாம், எரிந்து போகாது என்று அதில் கற்றுக்கொண்டார். அதே சூட்சுமம்தான் செல்ஃபுக்கும். நாலைந்து விநாடிக்குமேல் செல்ஃபைத் தொடர்ந்து அடிக்காதே என்று டிரைவர்களைத் திட்டுவதற்கும் காரணம் அதுதான்.

அவருடைய இக்னிஷன் எப்படி வேலை செய்கிறது என்று என் பேரனுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். தெருக்குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது சட்டென்று மூடினால் பைப்பே ‘டங்’ என்று அதிருமில்லையா? அதுமாதிரி. பேட்டரியின் கரண்ட் காயிலுக்குள் கனமான கம்பிச் சுற்று வழியாக ஓடி, டெல்கோவுக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக பாடிக்குப் போகிறது. எஞ்சின் சுற்றும்போது ஒரு மேடு வந்து பாயிண்டைத் திறக்கும். ஓடிக்கொண்டிருந்த கரண்ட் திடீரென்று அறுந்துபோகும். அந்த அதிர்ச்சி காயிலுக்குள் இருக்கும் இன்னொரு சுற்றில், பல ஆயிரம் சுற்று சுற்றிய மயிரிழைக் கம்பியில், பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி, பிளக் முனையில் குதிக்கும். பாயிண்ட் திறக்கிற இடைவெளி ஒரு விசிட்டிங் கார்டின் கனம்தான். பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கன்டென்சர். அது இல்லாவிட்டால் கரண்ட் பாயிண்டிலேயே பொறிந்து தீர்ந்துவிடும், பிளக்குக்கு ஒன்றும் போகாது.

இவ்வளவுதான். 1910இல் வந்த இந்த ஏற்பாடு, எலக்ட்ரானிக் இக்னிஷன் வரும்வரை அறுபது எழுபது வருஷம் உலகத்தையே ஓட்டியது. சாரின் எம்.ஜி.யிலும் அதேதான்.

கெட்டரிங் மீது எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. கைப்பிடி காலத்தில் யாரும் கண்மூடித்தனமாகச் சுற்ற மாட்டான். பத்துத் தடவை சுற்றினால் தோள் கழன்றுவிடும். நின்று யோசிப்பான், முகர்ந்து பார்ப்பான். செல்ஃப் வந்தபிறகு யோசிக்கிற வழக்கம் போய்விட்டது. பேட்டரி சாகும்வரை அடிக்கிறோம். அடிக்க அடிக்க என்ன ஆகிறது? 12 வோல்ட் பேட்டரி செல்ஃபின் பாரத்தில் 9, 10க்கு இறங்குகிறது. காயிலுக்கும் அந்த மிச்சம்தான். பொறி இன்னும் இளைக்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் சேர்ந்து பிளக் நனைகிறது. ஒரு கோளாறோடு வந்த வண்டி மூன்று கோளாறோடு நிற்கிறது.

நானே செய்திருக்கிறேன். சேர்ந்த அடுத்த வருஷம், மயிலாப்பூரில் ஒரு டாக்டர் வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நம் ஊரில் தயாரான வண்டி, மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு கதவு, முன்பக்கம் முழுவதும் மூக்கோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து திறக்கும். (இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, நம் டாக்டர்கள் ஓட்டியது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் சாதுவான அண்ணனை.) மேஸ்திரி வருமுன் நானே சரிசெய்து காட்டுகிறேன் என்று அடித்தேன், அடித்தேன், செல்ஃப் முனகி ஓயும்வரை அடித்தேன். பிளக் மாற்றினேன். காயில் மாற்றினேன். மேஸ்திரி வந்தார். ஒன்றும் பேசவில்லை. காயிலுக்கு வரும் வயரைச் சுண்டிப் பார்த்தார். முனை கையோடு வந்தது. முறுக்கி மாட்டினார். ஆனால் ஸ்டார்ட் பண்ண பேட்டரியில் உயிரில்லை. “சைக்கிள் கேரியர்ல கட்டித் தள்ளிக்கிட்டுப் போய் சார்ஜ் போட்டு, நாளைக்கு அதே மாதிரி தள்ளிக்கிட்டு வா” என்றார். மயிலாப்பூரிலிருந்து மவுண்ட் ரோடு. சட்டையில் ஆசிட் பட்டு ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

அன்று அவர் சொல்லிக்கொடுத்த வரிசை இது. “முதல்ல மூக்கு, அப்புறம் காது, அப்புறம்தான்டா கை.”

மூக்கு என்றால் பெட்ரோல் வாசனை. சுற்றிவிட்டு முகர்ந்தால் புது பெட்ரோல் வாசனை வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் வரவில்லை. மூக்கைத் துளைத்தால் வழிகிறது. வார்னிஷ் மாதிரி, புளித்த மாதிரி வந்தால் டாங்கில் கிடந்து கெட்டுப்போன பழைய பெட்ரோல்.

காது என்றால் பம்ப். நம் அம்பாஸடர்களில் எஞ்சினே இடிக்கும் பம்ப் இருந்தது. அதை ஏசி பம்ப் என்போம். ஏர்கண்டிஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் அமெரிக்கா போய் பிளக் தொழில் தொடங்கினார். முதல் கம்பெனியை விட்டு வந்தபோது தன் பெயரை அங்கேயே விட்டுவர வேண்டியதாயிற்று. முதலெழுத்தை மட்டும் வைத்து ஏ.சி. என்று அடுத்த கம்பெனி நடத்தினார். அவர் பெயரைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தோம், அவர் யாரென்று தெரியாமல்.

எம்.ஜி.யில் இருப்பது எஸ்.யூ. மின்சார பம்ப். எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். ஸ்கின்னர் குடும்பம் லண்டனில் செருப்பு வியாபாரம் செய்த குடும்பம். அவர்கள் செய்த முதல் கார்பரேட்டரில் காற்றுக்குத் தக்கபடி ஏறி இறங்கும் துருத்தியைத் தோலில்தான் செய்தார்களாம். தோல்காரன் வேறு எதில் செய்வான்! இந்த பம்ப்புக்கு ஒரு குணம் உண்டு. சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்து, கார்பரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் மெதுவாகி நின்றுவிடும். சத்தமே இல்லையென்றால் பம்ப்புக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது உள்ளே இருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிற்காமல் அடித்தால் டாங்கு காலி, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஒழுகுகிறது. வண்டியே வாய் திறந்து சொல்கிறது.

எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் மோரிஸ் கார் விற்கும் கடை. அதற்கு 1922இல் மானேஜராக வந்த செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் வண்டிக்கு அழகான பாடி கட்டி விற்க ஆரம்பித்ததுதான் மூலம். பிறகு அபிங்டன் என்ற சிற்றூருக்குத் தொழிற்சாலை போனது. 1945 பிப்ரவரியில் கிம்பர் லண்டனில் ஒரு ரயில் விபத்தில் இறந்துபோனார். அந்த வருஷக் கடைசியிலேயே டி.சி. என்ற மாடல் வந்தது; அவர் பார்க்கவில்லை. அதற்கடுத்தது 1950 முதல் 1953 வரை வந்த டி.டி. மொத்தம் 29,664 வண்டிகள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. போரில் கடன்பட்ட பிரிட்டனுக்கு டாலர் வேண்டியிருந்தது, அமெரிக்க இளைஞர்களுக்கு மலிவான ஸ்போர்ட்ஸ் கார் வேண்டியிருந்தது. 1250 சி.சி. எஞ்சின், இரண்டு கார்பரேட்டர். இன்றைக்கு நம் தெருவில் போகும் சின்னக் கார் அதைவிட வேகம் போகும். ஆனால் தரையை ஒட்டி உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்க ஐம்பது மைலில் போவது எண்பது மாதிரி இருக்கும். பட்டறை நாட்களில் சோழவரம் ரேஸ் பார்க்க சைக்கிளிலேயே போவோம். போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. அங்கே கேட்ட சத்தங்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரி வண்டிகளின் வாரிசுகள்தான்.

இந்த வண்டிகளின் மின்சாமான்கள் லூகாஸ். ஜோசப் லூகாஸ் பர்மிங்ஹாம் தெருக்களில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர். பிறகு விளக்கு செய்தார். ‘கிங் ஆஃப் தி ரோடு’ என்ற அவருடைய சைக்கிள் விளக்கு பேர்பெற்றது. அவர் காலத்துக்குப் பிறகு டைனமோ, மேக்னெட்டோ, காயில் என்று கம்பெனி பெருகியது. சாலையின் ராஜா என்று பெயர் வைத்தவரையே இருட்டின் இளவரசன் என்று பிற்பாடு கார்க்காரர்கள் கேலி செய்தார்கள். நான் அந்தக் கேலியில் சேர மாட்டேன். லூகாஸ் 1961இல் டி.வி.எஸ். உடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் பாடியில் தொழிற்சாலை வைத்ததும், அங்கே பஸ் ஸ்டாப்புக்கே லூகாஸ் என்று பெயர் ஒட்டிக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது அந்த ஸ்டாப்பில் இறங்கியதால். இன்னொன்று, ‘லூகாஸ் போச்சு’ என்று என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் போயிருந்தது எர்த். துருப்பிடித்த ஒரு போல்ட். பர்மிங்ஹாம்காரர் என்ன செய்வார்?

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

அந்த அம்மா கூப்பிட்ட காரணம், பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து விலை பேசியிருந்தார். கிலோக் கணக்கில். வெளிநாட்டில் இருக்கும் மகன், “ஓடாத வண்டியை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறே” என்று சொல்லிவிட்டான். இடையில் ஒரு மெக்கானிக்கை வைத்துப் புதுப் பேட்டரி, புது காயில், புது பிளக் எல்லாம் போட்டிருக்கிறார்கள். செல்ஃப் ஜோராக எடுக்கிறது. வண்டி பிடிக்கவில்லை. “உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுக்கலாம்னு” என்றார். மறுநாளே போனேன். போகிற வழியெல்லாம் அந்தப் பந்தியும் பாயசமும்தான் ஞாபகம்.

ஷெட்டில் விரிப்பை விலக்கியதும் டாங்கு மூடியைத் திறந்து முகர்ந்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை, அரக்கு மாதிரி ஒரு நெடி. அந்த வண்டியில் பெட்ரோல் முள் கிடையாது, குறைந்தால் எரிய ஒரு சிறு விளக்குதான். ஆகவே எவ்வளவு நாள் கிடந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. முழுவதும் இறக்கினேன். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. அதைத் தோட்டத்துக் கோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு (பொறி சோதிக்கப் போகிற இடத்தில் திறந்த பெட்ரோல் இருக்கக் கூடாது), இரண்டு கார்பரேட்டர் கிண்ணங்களையும் கழற்றிச் சுரண்டினேன். அடியில் பச்சையாகப் பிசின். வாட்ச்மேன் வாங்கி வந்த 5 லிட்டர் புது பெட்ரோலை ஊற்றினேன்.

சாவியைத் திருப்பினேன். சத்தமில்லை. டெஸ்ட் பல்பை வைத்தேன், பம்ப்புக்குக் கரண்ட் வருகிறது. ஸ்பேனர் பிடியால் பம்ப்பை ஒரு தட்டுத் தட்டினேன். டிக். இன்னொரு தட்டு. டிக் டிக் டிக் டிக்...

சமையலறைக் கதவு திறந்தது. கையில் கரண்டியோடு அந்த அம்மா வந்து நின்றார்.

“இந்தச் சத்தம் கேட்டாத்தான் அண்ணா தோசைக்கல்லை எறக்குவேன்” என்றார். “அவர் கிளம்பிட்டார்னு அர்த்தம்.”

நான் குனிந்துகொண்டேன். வேலை இருந்தது.

பெட்ரோல் வந்துவிட்டது, இனி பொறி. காயிலிலிருந்து டெல்கோவுக்கு வரும் தடித்த வயரை உருவி, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிக் கட்டையில் மாட்டிவிட்டு, வாட்ச்மேனை ஸ்டார்ட்டர் இழுக்கச் சொன்னேன். பொறி இல்லை. புதுக் காயில்தான். அதனால் என்ன? காயிலுக்குச் சேதி வந்தால்தானே அது பேசும். டெஸ்ட் பல்பைக் காயிலின் ஒரு முனையில் வைத்தேன், எரிந்தது. டெல்கோ பக்கத்து முனையில் வைத்தேன், எரியவில்லை. பாயிண்ட் மூடியிருந்தால் எரியாது, அது நியாயம். முன்னால் கைப்பிடியைச் செருகி மெல்லச் சுற்றி, பாயிண்ட் நன்றாகத் திறந்த நிலையில் நிறுத்தினேன். அப்போதும் எரியவில்லை. இப்போது டெல்கோவுக்குப் போகும் வயரைக் காயிலிலிருந்து கழற்றினேன். பல்பு எரிந்தது. கதை முடிந்தது. காயிலில் குற்றமில்லை, டெல்கோவுக்குள் எங்கோ கரண்ட் பாடியைத் தொடுகிறது. பாயிண்ட் திறந்தாலும் கரண்டைப் பொறுத்தவரை திறக்கவே இல்லை. அறுபடாத கரண்டுக்கு ஏது பொறி?

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளியிலிருந்து பாயிண்டுக்குப் போகும் குட்டி வயர், இரண்டு அங்குலம்கூட இருக்காது. துணி சுற்றிய பழைய காலத்து வயர். உடம்பைத் துளைத்து உள்ளே நுழைகிற இடத்தில் துணி நைந்து, செப்புக் கம்பி மின்னிக்கொண்டு இரும்பில் சாய்ந்திருந்தது. 2020 பொங்கலுக்கு முன்னாலும் இதேதான் இருந்திருக்கும். அப்போது வந்திருந்தால் கால் மணி வேலை. பெட்ரோல்கூடக் கெட்டிருக்காது.

என் பையில் ஸ்லீவ் இல்லை. முன்பெல்லாம் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டேன். “மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடைக்குமாம்மா?” என்றேன். உள்ளே போய், சார் குறுக்கெழுத்துப் போடும் மேஜையிலிருந்து மை தீர்ந்த ரீஃபில் ஒன்றைக் கொண்டுவந்தார். இங்க் தீர்ந்தாலும் எறியமாட்டாராம். பிளேடால் நீளவாக்கில் கீறி, வயர்மேல் மாட்டி, தையல் நூலால் இறுக்கிக் கட்டினேன். நிரந்தர வைத்தியம் இல்லை. புது வயர் போடவேண்டும். பெர்த்தா அம்மாள் கால்பட்டி சுற்றினாரே, அந்த ரகம். பாயிண்டை மட்டக்காகிதத்தால் துடைத்து, மூடியைப் போட்டேன்.

சாவி. டிக் டிக் டிக், நின்றது. சோக்கை இழுத்தேன். ஸ்டார்ட்டரை இழுத்தேன். இரண்டு சுற்று, ஒரு தும்மல். மறுபடி இழுத்தேன். பிடித்துக்கொண்டது. முதலில் மூன்று சிலிண்டரில் நொண்டி, பிறகு நாலாவதும் சேர்ந்து, ஷெட் தகரம் அதிர, சைலன்சரிலிருந்து ஐந்து வருஷத்துத் தூசி வந்தது. ஆயில் பிரஷர் முள் எழும்பியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பினால், அந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு நிமிஷம் இருக்கும்.

“அடுப்புல பால் வெச்சிருக்கேன்” என்று உள்ளே போய்விட்டார்.

மகனுக்கு வாட்ச்மேன் செல்போனில் சத்தத்தைப் பிடித்து அனுப்பினான். இரும்புக்காரருக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. வண்டியை ஷெட்டை விட்டு நான் நகர்த்தவில்லை. பிரேக் பெடல் தரை வரை போகிறது. பிடிக்காத வண்டியைவிட நிற்காத வண்டி ஆபத்து. வாரம் ஒரு நாள் போய்க்கொண்டிருக்கிறேன். குட்டி வயர் புதிதாகப் போட்டாகிவிட்டது. வீல் சிலிண்டர்களை எல்லாம் கழற்றி வைத்திருக்கிறேன். ரப்பர் வாஷர்கள் எல்லாம் கல்லாகிவிட்டன. புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன், அளவு சரியாகக் கிடைக்கவில்லை. பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், சிலிண்டர் ரப்பர் எங்கே கிடைக்கும் என்று சொன்னால் உபகாரமாக இருக்கும்.